வெந்நீருக்கு வேலி, வேலை செய்தவளுக்கு?

இரண்டு கட்டில் போடலாம். மூன்றாவது கட்டிலுக்கு இடம் போதாது. அவ்வளவுதான் அந்த இடம்! அதுவும் மலைச் சரிவு. ஏர் ஓடாது, வீடு நிற்காது. அந்த இரண்டு கட்டில் அகல நிலத்தைக் காட்டி, ஓர் ஊரையே தன் காலடியில் விழவைக்கப் பார்த்தார் ஒரு கெட்டிக்காரர். ஜப்பான் நாட்டில் நடந்தது இது. கட்டுக்கதை அல்ல, அன்றைய ஜப்பானின் தலைமை நீதிமன்றம் வரை ஏறி, 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தீர்ப்பான வழக்கு.

உனாசுகி என்று ஓர் ஊர். குளிர் எலும்பைத் துளைக்கும் மலைநாடு. அங்கே வெந்நீர் இல்லை. ஆனால் மலைக்கு மேலே, குரோநாகி என்ற இடத்தில், பூமியைப் பிளந்துகொண்டு வெந்நீர் வருகிறது. ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் தொலைவுக்கு மரக்குழாய் போட்டு அதைக் கீழே கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரை நம்பி விடுதி வந்தது, கடை வந்தது, பிழைப்பு வந்தது. நமது கெட்டிக்காரர் என்ன செய்தார்? குழாய் போகும் வழியில் கொஞ்சம் நிலத்தை வாங்கினார். அதில் குழாய் தொட்டுச் சென்றது 2 ட்சுபோ மட்டுமே. நம் கணக்கில் 70 சதுர அடி. வாங்கியதும் முழங்கினார்: "என் நிலத்தில் உன் குழாயா? எடு! எடுக்க முடியாதென்றால், இதையும் சேர்த்து இங்கே எனக்குள்ள 3,000 ட்சுபோவையும் ட்சுபோ 7 யென் வீதம் வாங்கிக்கொள்!"

சரிவு நிலத்துக்குச் சந்தனக்கட்டை விலை!

நிலம் அவருடையதுதான், பத்திரம் இருக்கிறது. உரிமை என்றால் உரிமைதானே என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறவன் சொல்லக்கூடும். நீதிபதிகள் அப்படிச் சொல்லவில்லை. ஊரார் கழுத்தை நெரிப்பதற்காகவே உரிமையைத் தூக்கிப் பிடிப்பது உரிமை அல்ல, உரிமையின் பெயரால் நடக்கும் அடாவடி என்று கூறி வழக்கைத் தள்ளினார்கள். உரிமையைத் தவறாகப் பயன்படுத்தல் ஆகாது என்ற வாசகம் ஜப்பானின் உரிமைச் சட்டத்துக்குள்ளேயே ஏறியது 1947-இல்தான். தீர்ப்பு முந்தியது, சட்டம் பிந்தியது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். இந்தக் கட்டுரை முழுதும் இது திரும்பத் திரும்ப வரும், ஒரு முறை மிகக் கொடுமையாகவும் வரும்.

வெந்நீரூற்றுக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் ஒன்சென். அந்த நாட்டிலே வெந்நீர் எடுக்கும் வாய்கள் மட்டும் 27,000 அளவில் இருக்கின்றன. தொழிற்சாலையில் உழைத்தவனும், வயலில் குனிந்தவளும், பள்ளிப் பிள்ளையும் ஒரே தொட்டியில் இறங்கிக் களைப்பைக் கரைக்கிற பழக்கம் அங்கே இருக்கிறது. ஆகவே வெந்நீருக்கென்றே தனிச்சட்டம் ஒன்று இயற்றினார்கள், 1948-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில். போரில் அடிபட்டு, நகரங்கள் சாம்பலாகி, சோற்றுக்கு அலைந்த காலத்தில், வெந்நீரைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று நினைத்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்தச் சட்டம் என்ன சொல்லிற்று? நிலம் உன்னுடையதே ஆனாலும், வெந்நீருக்காகத் தோண்ட வேண்டுமானால் மாகாண ஆளுநரிடம் அனுமதி வாங்கு. இருக்கிற துளையை அகலமாக்கவோ ஆழமாக்கவோ அனுமதி வாங்கு. பம்பு வைத்து இழுக்க அனுமதி வாங்கு. ஊராருக்குக் குளிக்கக் கொடுக்கவும் அனுமதி வாங்கு. (ஆளுநர் என்றதும் மேலிருந்து நியமனமாகி வந்து இறங்குபவரை எண்ணிவிடாதீர்கள், அங்கே ஆளுநர் மக்களின் வாக்குப் பெற்று வருபவர்!) பக்கத்து ஊற்றின் அளவும் சூடும் தன்மையும் கெடும் என்றாலோ, பொதுநலனுக்குத் தீங்கு என்றாலோ அவர் மறுக்கலாம்.

நம் ஊர்த் தோட்டக்காரனுக்கு இதன் அருமை விளங்கும். பக்கத்துப் பண்ணையார் ஆழமாகத் துளைபோட்டு இரவும் பகலும் இழுத்தால், நம் கிணற்றில் வாளி தரை தட்டும். கேட்டால், "என் நிலம், என் மோட்டார்" என்பார். அந்தப் பேச்சுக்கு ஜப்பானில் 1948-இலேயே ஒரு பூட்டுப் போட்டார்கள். நல்ல பூட்டு.

ஆனால் சாவி யாரிடம்? சட்டத்தின் நடையைப் பாருங்கள்: தீங்கு விளையும் என்று தெரிந்தால் ஒழிய, ஆளுநர் அனுமதி தர வேண்டும். அதாவது, மறுக்கக் காரணம் தேட வேண்டியவர் ஆளுநர்; தோண்ட வருகிறவர் அல்ல! பூமிக்கு அடியில் ஆயிரம் மீட்டரில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே மெய்ப்பிப்பது எளிதா? ஒவ்வொரு துளையையும் தனித்தனியே தராசில் வைக்கிறது சட்டம். அடியிலே இருப்பதோ ஒரே பானை. ஒரே பானையில் பத்துப் பேர் உறிஞ்சுகுழல் விட்டிருக்கும்போது, பதினோராவது குழல் ஒல்லியானது, தீங்கில்லை என்று ஒவ்வொருவராக அனுமதித்துக்கொண்டே போனால், பானை என்ன ஆகும்? இந்தப் பகுதி முழுவதிலும் மொத்தம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற உச்சவரம்பு அந்தச் சட்டத்தில் இல்லை. ஊற்று கெடுகிறது என்று தெரிந்தபின், எடுப்பதைக் குறை என்று ஆணையிட ஆளுநருக்கு அதிகாரம் உண்டு. தெரிந்தபின்!

இனி இன்னொரு வேடிக்கை. வெந்நீரூற்று என்றால் எது? ஊற்றுவாயில் 25 டிகிரிச் சூடு இருந்தால் போதும் என்றது சட்டம். அந்தச் சூடு இல்லையா? கந்தகம், இரும்பு முதலான 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறித்த அளவில் இருந்தாலும் போதும். ஆகவே பல் கிட்டிக்கும் குளிர்ந்த நீரும் சட்டப்படி வெந்நீரூற்றாகும்! சிரிக்கிறீர்கள். ஆனால் சிரிப்பு அந்த 19-இல் இல்லை; 25-இல் இருக்கிறது. பூமிக்குள் போகப்போக, 100 மீட்டருக்கு ஏறத்தாழ 3 டிகிரி சூடு ஏறும். மேலே 15 டிகிரி என்றால், 1,000 மீட்டர் அடியில் 45! எரிமலை வேண்டாம், மலைநாடு வேண்டாம், எங்கே துளைத்தாலும், தண்ணீர் மட்டும் கிடைத்துவிட்டால், அது 'வெந்நீரூற்று'. 1948-இல் அவ்வளவு ஆழம் தோண்டுவது அரிது; 25 என்ற எண் வேலியாக நின்றது. எந்திரம் வளர்ந்தது; வேலி அப்படியே நின்றது; எந்திரம் அதைத் தாண்டிப் போயிற்று.

போதாததற்கு அரசே உற்சாகம் ஊட்டிற்று! 1988-89-இல் தகேஷிதா தலைமை அமைச்சராக இருந்தபோது, பெரும்பாலும் எல்லா ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும், ஒன்றுக்கு 10 கோடி யென் என்று அள்ளிக் கொடுத்தார்கள். ஊரை வளர்க்க, விருப்பம்போல் செலவிடுங்கள் என்றார்கள். எத்தனையோ ஊர்கள் என்ன செய்தன? துளைபோட்டன! ஒன்சென் இல்லாத ஊரிலும் ஒன்சென். பிறகு தலைநகரிலும் வந்தது அந்த மோகம். டோக்கியோவின் மாடமாளிகைகளுக்கு நடுவே, 1,500 மீட்டர் ஆழத்திலிருந்து வெந்நீர் இழுத்து, களைப்பாற வாருங்கள் என்று விளம்பரப் பலகை மாட்டினார்கள்.

இதற்கிடையே, பேர்போன பழைய ஊற்றுகளின் மானமும் சந்திக்கு வந்தது. நகானோ மாகாணத்தில் ஷிராஹோனே என்ற ஊர். அங்கே வெந்நீர் பால்போல் வெண்மையாக இருக்கும். அதைக் காணவே கூட்டம் வரும். 2004-ஆம் ஆண்டு கோடையில் குட்டு உடைந்தது. வெண்மை குறைந்தபோது கடையில் விற்கும் குளியல் பொடியைக் கலக்கிப் பாலாக்கியிருந்தார்கள்! "சட்டம் என்ன செய்தது?" என்று கேட்கிறீர்களா? சட்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. சட்டம் அளந்தது ஊற்றுவாயை, தொட்டியை அல்ல. ஊற்றுவாயில் மெய்யான நீர் வந்தால் சரி. தொட்டிக்கு வருமுன் அதில் குழாய்த்தண்ணீர் சேர்ந்ததா, பொடி சேர்ந்ததா, நேற்றுக் குளித்த நீரே சுற்றிச்சுற்றி வருகிறதா என்று சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நாடே கொதித்தது. 2005-இல் விதியைத் திருத்தினார்கள். நீர் கலந்தால் எழுது, காய்ச்சினால் எழுது, சுற்றவிட்டால் எழுது, பொருள் சேர்த்தால் எழுது. காரணத்தோடு எழுதி வாசலில் மாட்டு என்றார்கள். கூலிக்காரன் கொடுக்கும் காசுக்கு என்ன வாங்குகிறான் என்பதைச் சுவரிலே படித்துத் தெரிந்துகொள்ளலாம். அது நல்ல திருத்தம். நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-இல் சட்டத்தையே திருத்தினார்கள்: பத்து ஆண்டுக்கு ஒரு முறை நீரைச் சோதித்துப் புதுக் கணக்கு எழுத வேண்டும் என்று.

குளிப்பவன் ஏமாறக்கூடாது. சரி. பக்கத்து ஊற்று வற்றக்கூடாது. சரி.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஜூன் 19.

டோக்கியோவில் ஷிபுயா. செல்வர்கள் குடியிருக்கும் வட்டாரம். பெண்களுக்கென்றே நடத்தப்பட்ட ஒன்சென் நிலையம். திறந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. தெருவுக்கு ஒருபுறம் குளிக்கும் மாளிகை. மறுபுறம் இன்னொரு கட்டடம். அதன் அடித்தளத்தில் நீரை மேலே இழுக்கும் பொறிகள். வாடிக்கையாளர் கண்ணில் படக்கூடாதவை எல்லாம் அந்தக் கட்டடத்தில். ஊழியர்கள் உடை மாற்றும் இடமும் அங்கேதான்! பிற்பகல் 2:30 மணி அளவில் அந்தக் கட்டடம் வெடித்துச் சிதறியது. மூன்று பெண் ஊழியர்கள் மாண்டனர். வீதியிலே நடந்து போனவரும் காயமுற்றார்.

என்ன வெடித்தது? வெந்நீரா வெடிக்கும்? கோலி சோடாவை எண்ணிப் பாருங்கள். மூடியிருக்கும்வரை அமைதி, கோலியை அழுத்தியதும் காற்று பொங்குகிறது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் அடியில் பெரும் அழுத்தத்தில் கிடக்கும் நீரில் மீத்தேன் கரைந்திருக்கிறது. மேலே வந்ததும் பிரிகிறது. டோக்கியோவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் அடியில் இயற்கை எரிவாயு வயலே இருக்கிறது. பிரியும் வாயுவைக் குழாய் வழியே கூரைக்கு மேல் கொண்டுபோய் விட வேண்டும். அந்தக் குழாய் நிலத்துக்கடியில் தாழ்ந்து ஏறும் இடத்தில், வாயுவில் இருக்கும் ஈரம் நீராகித் தேங்கும். தேங்கிய நீரை அவ்வப்போது ஒரு திருகைத் திறந்து வடிக்க வேண்டும். வடிக்கவில்லை. நீர் குழாயை அடைத்தது, வாயு திரும்பி அடித்தளத்தில் நிறைந்தது, ஒரு பொறி, முடிந்தது.

ஏன் வடிக்கவில்லை? வடிக்க வேண்டும் என்று அங்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாயு தேங்கினால் கூவி எச்சரிக்கும் கருவியும் அந்த அடித்தளத்தில் இல்லை. வடிக்க வேண்டிய தேவையை அறிந்தும் அதைச் சொல்லாமல் விட்டதற்காக வடிவமைப்பு அலுவலர் ஒருவர் குற்றவாளி என்று 2013-இல் தீர்ப்பாயிற்று. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டனை சிறை, ஆனால் நிறுத்திவைக்கப்பட்ட சிறை. நிலையத்தை நடத்திய தரப்பின் அலுவலர், தனக்குச் சொல்லப்படவில்லை என்பதால் விடுவிக்கப்பட்டார். ஒருவர் சொல்லவில்லை, ஒருவருக்குத் தெரியவில்லை, மூவருக்கு உயிர் இல்லை.

நீதிமன்றம் ஆட்களை விசாரித்தது. நாம் சட்டத்தை விசாரிப்போம். குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேட்போம்:

"சட்டமே, உனக்கு இந்த வாயுவைத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போது முதல்?"

"1948 முதல்."

ஆம் தோழர்களே! வெந்நீரூற்று என்றால் என்ன என்று விளக்கும் இரண்டாவது பிரிவைப் படியுங்கள். பூமியிலிருந்து வரும் வெந்நீர், தாதுநீர், நீராவி, பிற வாயு என்று அடுக்கிவிட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு: நீர்க்கரியத்தை முதன்மையாகக் கொண்ட இயற்கை எரிவாயு நீங்கலாக! மீத்தேன் அதுதான். சட்டம் எழுதியவர் அதைப் பார்த்தார். அதன் பெயரை எழுதினார். "இது என் வீட்டுப் பிள்ளை அல்ல" என்று வாசலுக்கு வெளியே நிறுத்தினார். எரிவாயுவுக்கு வேறு சட்டம் இருக்கிறது என்ற நினைப்பாக இருக்கலாம். ஏட்டிலே பிரித்துவிட்டார்கள், பூமிக்கு அடியில் அவை பிரியவில்லை. ஒரே குழாயில் சேர்ந்தே வந்தன.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? 2004 ஜூலையில் சிபா மாகாணத்தில், நிலத்திலிருந்து கசிந்த வாயு ஒரு காட்சியகத்தில் வெடித்து ஊழியர் ஒருவர் மாண்டார். 2005 பிப்ரவரியில், டோக்கியோவிலேயே, ஒன்சென் தோண்டிய இடத்தில் வாயு தீப்பற்றி ஏறக்குறைய ஒரு பகல் ஓர் இரவு எரிந்தது! தலைநகர் பார்க்க எரிந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான் நான் சொன்ன 2007 ஏப்ரல் திருத்தம். சட்டமன்றத்திலே அந்தச் சட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவில் மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீரைச் சோதிக்கப் பிரிவு எழுதினார்கள். வாயுவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. 55 நாள் கழித்து ஷிபுயா.

அதே ஆண்டு நவம்பர் 30-இல் மீண்டும் திருத்தினார்கள். இப்போது வேகம் வந்தது! வெந்நீர் எடுப்பதற்கே, வாயுவால் வரும் ஆபத்தைத் தடுக்கும் ஏற்பாடு உண்டென்று காட்டி அனுமதி பெற வேண்டும். வாயு அளவு மிகக் குறைவு என்றால் அதை அளந்து உறுதி பெற வேண்டும். பிரிக்கும் கருவி, கண்டறியும் கருவி, நெருப்பு நெருங்காத இடைவெளி, சோதித்த குறிப்பேடு எல்லாம் வந்தன. 2008 அக்டோபர் 1 முதல் நடப்பு. ஓர் ஆண்டில் இவ்வளவும் எழுத முடிந்திருக்கிறதே, அப்படியானால் இது தெரியாத வித்தையா? அறிவு இருந்தது. அக்கறை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதே வழக்கு. ஊற்றின் சொந்தக்காரர் சட்டத்தில் இருந்தார். பக்கத்து ஊற்றுக்காரர் இருந்தார். காசு கொடுத்துக் குளிப்பவர், 2005-இல் கூச்சலிட்ட பிறகு, உள்ளே வந்தார். அடித்தளத்துக்கு மேலே உடை மாற்றிக்கொண்டிருந்தவள் மட்டும் சட்டத்தில் இல்லை. இதைப் படிக்கும் தோழர்களுக்கு நம் ஊர்ப் பாதாளச் சாக்கடையும் அதில் இறங்கியவர்களும் நினைவுக்கு வரக்கூடும். வரட்டும்.

ஒன்சென் சட்டமே உதவாது என்று நான் கூறவில்லை, அது தவறு. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால், பணம் உள்ளவன் ஆழமாகத் துளைத்து ஊற்றுகளையெல்லாம் எப்போதோ உறிஞ்சியிருப்பான். ஆனால் நன்றாகக் காப்பாற்றப்பட்ட இடங்களைப் பார்த்தால், சட்டத்தின் எழுத்துக்கு மேலே ஊரோ மாகாணமோ ஒரு படி ஏறி நின்றிருக்கிறது. பெப்பு என்ற நகரிலே 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுகள். அங்கே ஓயிட்டா மாகாணம் 1968-இல் சில வட்டாரங்களைத் தனியே குறித்து, இங்கே புதுத் துளை கிடையாது என்று கோடு கிழித்துவிட்டது. ஒவ்வொரு துளையாக எடைபோடும் வேலையே இல்லை. கோட்டுக்குள் இனித் துளை இல்லை, அவ்வளவுதான்.

கினோசாகி இன்னும் சுவையான ஊர். அங்கே விடுதிக்குள் குளியல் கிடையாது. ஊர்ப் பொதுக் குளிப்பகங்களுக்கு எல்லாரும் நடந்து போக வேண்டும். வெந்நீர் ஊருக்குப் பொது. அது பழைய வழக்கம். 1925-இல் நிலநடுக்கம் வந்து ஊர் இடிந்து எரிந்தது. திரும்பக் கட்டும்போது, ஒரு விடுதி தனக்கென்று உள்ளேயே குளியல் அமைத்தது. "என் மனை, என் ஊற்று" என்றது. ஊர் எழுந்து நின்றது: "ஒருவன் உள்ளே இழுத்தால் பத்துப் பேர் இழுப்பார்கள், பொதுத்தொட்டி வற்றும்!" வழக்கு மன்றம், மேல்மன்றம் என்று ஆண்டுகள் ஓடின. போர் வந்து போயிற்று, பேரரசு கவிழ்ந்தது, வழக்கு மட்டும் நின்றது. 1950-இல்தான் இணக்கம் ஏற்பட்டது. விடுதிக்குள் குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவோடு. வெந்நீர் ஊர்ப் பொதுச்சொத்து நிறுவனத்தின் கையில். 1972 முதல் ஊற்றுகளின் நீரையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, குழாய் வழியே குளிப்பகங்களுக்கும் விடுதிகளுக்கும் பங்கிட்டார்கள். ஒரே பானை, ஒரே அகப்பை. பொதுக் குளிப்பகங்கள் இன்றும் இருக்கின்றன. உனாசுகியில் நீதிபதிகள் சொன்னதைக் கினோசாகியில் ஊராரே செய்து முடித்தார்கள்.

இப்போது புதிய கை ஒன்று பானைப் பக்கம் நீள்கிறது. 2011-இல் புகுஷிமா அணு உலை நாசத்துக்குப் பிறகு, பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கலாம் என்ற பேச்சு ஜப்பானில் ஓங்கியது. 2012-இல் தேசியப் பூங்காக்களில் இருந்த தடைகளையும் தளர்த்தினார்கள். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்; விளக்கெரியாத வீட்டின் துன்பம் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்சென் ஊர்க்காரர்கள் அஞ்சுகிறார்கள். நீராவிக்கான துளை நம் ஊற்றை வற்றவைத்தால் யார் பொறுப்பு என்கிறார்கள். அந்தத் துளைக்கும் ஆளுநர் அனுமதி தரவேண்டியது இதே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். மொத்த வரம்பு இல்லாத அதே சட்டம்!

ஒன்சென்னில் குளிப்பவரிடம் குளியல் வரி வாங்குகிறார்கள். வழக்கமான அளவு 150 யென். ஊற்றைக் காக்கவும், சுகாதாரத்துக்கும், தீயணைப்புச் சாதனங்களுக்கும், சுற்றுலாவுக்கும் அதைச் செலவிடலாம் என்பது விதி. எந்த ஊர் அதில் எவ்வளவை ஊற்றுக்குச் செலவிட்டது, எவ்வளவை விளம்பரத் தாளுக்குச் செலவிட்டது என்பதை, வாசலில் மாட்டும் அந்தப் பலகையிலேயே இன்னொரு வரியாக எழுதச் சொல்லலாம். இடம் இருக்கிறது. பலகையில் இன்று நீரின் சூடு இருக்கிறது, உப்பு இருக்கிறது, எந்த நோயுள்ளவர் இறங்கக்கூடாது என்பதும் இருக்கிறது. வாயுவைச் சோதித்த குறிப்பேடு மட்டும் வாசலில் தொங்குவதில்லை. அது உள்ளே, பம்பு அறைப் பக்கம் இருக்கிறது. திருகைத் திறந்து, தேங்கிய நீரை வடித்து, நாளும் பொழுதும் குறித்துக் கையொப்பமிடுவது அங்கே வேலை செய்பவர்.